அரளி நஞ்சும் உயிரணுவின் வாயிலும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில் மலையடிவாரத்தே அமைந்த ஊர் கல்லாறு. அப்பகுதியைச் சேர்ந்த காணிப் பழங்குடி வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாள், மூலிகை அறிவிற்காக 2018-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். எது மருந்து, எது நஞ்சு என்னும் அறிவு மலைவாழ் மக்களிடம் வாய்மொழியாகவே நிலைத்து வந்துள்ளது. அவ்வறிவு மறைந்த ஊர்களில் வேலியோரத்து அரளியும் ஆபத்தாகிறது.

ஆலப்புழை மாவட்டத்தில் இளம்பெண் ஒருவரின் மரணத்திற்கு அரளியே காரணமாகலாம் என்ற ஐயம் எழுந்ததை அடுத்து, 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்கத் தீர்மானித்தது. இம்முன்னெச்சரிக்கை வரவேற்கத்தக்கது. எனினும், தடை ஒன்றினால் மட்டும் அறிவு பெருகுவதில்லை.

அரளி, பொன்னரளி, கேரளத்தின் ஒதளம் ஆகியவற்றின் நஞ்சுகள், ஆப்பிரிக்க வேட்டையாடிகள் அம்புமுனையில் தடவிய உவாபாயினுக்கு உறவானவை. விலங்குகளின் உயிரணுச் சவ்வில் ஓர் இறைப்பான் உண்டு. அது மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உட்கொணர்கிறது. இந்நஞ்சுகள் அதனைத் தடுத்துவிடுகின்றன. ஸ்விட்ஸர்லாந்தின் ஷாட்ஸ்மான், இவ்வகைப் பொருள்கள் இரத்தச் சிவப்பணுக்களில் அயனிகளின் போக்குவரத்தை நிறுத்துவதை 1953-இல் கண்டார். டென்மார்க்கின் ஸ்கூ, நண்டின் நரம்பில் ஒரு நொதியை 1957-இல் கண்டறிந்தார். உவாபாயின் அந்நொதியையும் முடக்கியதால், அதுவே இறைப்பான் என்பது தெளிவாயிற்று. 1997-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இறைப்பான் நின்றால் இதயத் தசையணுக்களில் சோடியம் மிகுந்து, அதன் விளைவாகக் கால்சியமும் மிகும், துடிப்பு தடுமாறும். இதே செயலைச் சிறிதளவில் பயன்படுத்துவதே டிஜாக்ஸின் என்னும் இதய மருந்து. மருந்திற்கும் நஞ்சிற்கும் இடைவெளி மிகக் குறுகியது.

நஞ்சைப் பற்றிச் சிறுவர்க்குக் கூறுவது தகாது என்பர் சிலர். அளவையும் முறையையும் கூறுதல் வேண்டாம்; ஆனால் செடியை இனங்காட்டாமல் விடுவது காப்பாகாது. உயிரணுச் சவ்வைக் கற்பிக்கும் ஆசிரியர், வேலியோரத்து அரளியையே சான்றாகக் கொள்ளலாம். காய்ந்தாலும் கொதித்தாலும் அதன் நஞ்சு நீங்குவதில்லை என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

கள ஊழியர்களின் பொறுப்பும் பெரிது. அரளியை உண்டவர் முதலில் நலமாகத் தோன்றினும், பின்னர் இதயம் தடுமாறலாம். வீட்டு வைத்தியத்தில் காலம் போக்காது உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். டிஜாக்ஸினுக்கு எதிரான முறிமருந்து பொன்னரளி நஞ்சிற்கும் பயன்படுவதை இலங்கையில் நடந்த ஆய்வு 2000-இல் நிறுவியது. அத்தகைய மருந்து கிட்டும் இடத்திற்கு நோயாளி காலத்தில் சென்றடைவதே முக்கியம். செடியை அறிந்த மூதாட்டியின் அறிவும், சவ்வை அறிந்த விஞ்ஞானியின் அறிவும் ஒரே வகுப்பறையில் சேருமாயின், பல உயிர்கள் காக்கப்படும்.