பெட்டி மறைத்த இண்டிகேட்டர்

ஜூன் பிறந்துவிட்டால் டெல்லி கரோல்பாக் புல்லட் பட்டறைகளில் லடாக் போகிறவர்களின் கூட்டம் சேர்ந்துவிடும். இரு பக்கமும் பை, பின்னால் பெட்டி, அதன் மேல் தார்ப்பாய் சுற்றிய கூடாரம். எஞ்சின் ஆயில், செயின், பிரேக் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை. இவ்வளவையும் ஏற்றிய பிறகு பின்னால் வருகிறவர் கண்ணுக்கு இண்டிகேட்டர் தெரிகிறதா?

நானும் பார்க்கவில்லை. மணாலியிலிருந்து லே போகும் வழியில், ஜிஸ்பாவுக்கு அப்பால், வலப்பக்கம் இருந்த ஒரு தாபாவுக்குத் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். அதே நேரத்தில் பின்னால் வந்த லாரி வலப்புறமாக முந்த ஏறியது. ஒரு முழ இடைவெளியில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பேசாமல் என் பையைத் தூக்கிக் காட்டினார். அதன் அடியில் இண்டிகேட்டர் யாருக்கும் தெரியாமல் மின்னிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் பெட்டியின் பின்புறத்தில் விளக்கு பொருத்தினேன். இதில் பலரும் செய்யும் முதல் தவறு, கையில் கிடைத்த பல்பை மாட்டுவது. நம் வண்டிகள் பலவற்றில் ஒரு பக்கத்துக்கு 10 வாட் பல்பு இரண்டு. ஃபிளாஷர் அந்த 20 வாட்டுக்காகவே செய்யப்பட்டது. இன்னொரு 10 வாட் பல்பைச் சேர்த்தால் பழைய வகை ஃபிளாஷரில் மின்னும் வேகம் மாறும், ஃபிளாஷரும் சூடேறும். ஒரு வாட் எல்இடி விளக்கென்றால் கூடுவது 0.1 ஆம்பியருக்கும் குறைவு. ஃபிளாஷருக்கு அது தெரியவே தெரியாது. நிறம் ஆம்பர்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 102ஆவது விதி அதைச் சொல்கிறது. நிமிடத்துக்கு 60க்குக் குறையாமல், 120க்கு மிகாமல் மின்ன வேண்டும் என்றும் சொல்கிறது. பெட்டியின் சிவப்பு விளக்கையே பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் சேர்த்து இணைக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. பிரேக்கை அழுத்தியபடி திரும்பும்போது சிவப்பு தொடர்ந்து எரியும், சிக்னல் காணாமல் போகும்.

இணைப்பு எளிது. பழைய இடது இண்டிகேட்டருக்குப் போகும் வயரிலிருந்து ஒன்று, வலதிலிருந்து ஒன்று, எர்த்துக்கு ஒன்று, ஆக மூன்று. வயரின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். பெட்டி பிளாஸ்டிக், அதனால் எர்த்தைத் தனி வயரில் கொண்டுவந்து பழைய விளக்கின் எர்த்தோடு சேர்க்க வேண்டும். பெட்டியில் பிரேக் விளக்கும் இருந்து, இரண்டுக்கும் பொதுவான எர்த் விட்டுப்போனால், இடது இண்டிகேட்டர் போட்டதும் பிரேக் விளக்கும் மங்கலாகச் சிமிட்டும். மெக்கானிக் ஃபிளாஷரை மாற்றச் சொல்வார். மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் எல்இடியாக்கும் ஆசை வரும். டாஷ்போர்டில் இரு பக்கத்துக்கும் ஒரே அடையாள விளக்கு உள்ள வண்டியில் அது வம்பு. அந்தச் சின்ன பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவே நிற்கிறது. மறுபக்கத்துப் பல்பின் இழை வழியாகத்தான் அதன் மின்சாரம் எர்த்துக்குப் போகிறது. இழை போய் எல்இடி வந்தால் அந்த மின்சாரமே அதை எரிய வைத்துவிடும். நான்கு விளக்கும் ஒன்றாகச் சிமிட்டும். போதாக்குறைக்கு, சுமை குறைந்ததால் ஃபிளாஷரும் தாறுமாறாக ஓடும். பல்புகள் இருக்கட்டும், எல்இடி கூடுதலாக மட்டும் வரட்டும்.

வயரைப் பல்லால் உரித்து, முறுக்கி, டேப் சுற்றித் தருவதுதான் பட்டறை வழக்கம். வெயிலில் டேப்பின் பசை இளகும். ஓடையில் இறங்கி ஏறினால் தண்ணீர் புகும். சால்டர் வைத்தால் அதிர்வில் அதன் ஓரத்தில் இழைகள் ஒடியும். கிரிம்ப் செய்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவைப் போடச் சொல்லுங்கள். பெட்டியை இரவில் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் நடுவில் தண்ணீர் புகாத கனெக்டர் வேண்டும். வண்டிப் பக்கம் மூடிய துளைகளும், பெட்டிப் பக்கம் நீட்டிய பின்களும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால், பெட்டி இல்லாதபோது மின்சாரம் உள்ள பின்கள் ஃபிரேமைத் தொட்டு ஃப்யூஸைப் போக்கும்.

கம்ப்யூட்டர் வழியாக விளக்கை இயக்கும் புதிய டூரிங் வண்டிகளில் இந்த வேலை செல்லாது. வயரை வெட்டினால் வண்டி கோளாறு என்று அறிவிக்கும். அவற்றுக்குக் கம்பெனியின் துணைச் சாதனத்தையே வாங்குவது நல்லது.

முடித்ததும் நண்பரை ஐம்பதடி பின்னால் நிறுத்தி, நடுப்பகல் வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். என் முதல் விளக்கு அந்த வெயிலில் தெரியவில்லை, மாற்ற வேண்டியிருந்தது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இண்டிகேட்டர் தானாக அணையாது, நாம்தான் அணைக்க வேண்டும். நம் நெடுஞ்சாலைகளில் முன்னால் போகும் வண்டியின் வலது இண்டிகேட்டரை "முந்திப் போ" என்று படிக்கும் லாரிக்காரர்களும் இருக்கிறார்கள், "முந்தாதே" என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள்.