பைத்தியத்தின் வேர்

பைத்தியத்தின் வேரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சில வருஷங்களுக்கு ஒருமுறை செய்தி வருகிறது. மரபணுவைப் படிக்கும் யந்திரம் இன்று நன்றாகவே படிக்கிறது. அதனோடு எனக்குச் சண்டையில்லை. யாருடைய ரத்தத்தை எந்த வியாதியின் பெயரால் அதற்குள் விடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. மனச்சிதைவுக்கு ரத்தச் சோதனையோ எக்ஸ்ரேயோ சாட்சி சொல்வதில்லை. ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் கேட்டுப் பெயர் வைக்கிறார். 1972-ல் நியூயார்க், லண்டன் டாக்டர்களை ஒப்பிட்டு ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நியூயார்க்கில் மனச்சிதைவு என்று எழுதப்பட்ட பலருக்கு லண்டனில் வேறு பெயர் கிடைத்திருக்கும். கப்பல் ஏறினால் வியாதி மாறிவிடுமா, என்ன?

இது அஜாக்கிரதையால் மட்டும் வருகிற வினையல்ல. பென்ஸில்வேனியாவின் அமிஷ் மக்கள் குடியை அதிகம் அறியாதவர்கள், பெரிய குடும்பங்கள், பல தலைமுறை வம்சாவளி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அளவு கடந்த உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோயின் காரணம் 11-வது குரோமோசோமில் இருப்பதாக 1987-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். நோயாளி யார், நோயற்றவர் யார் என்று கவனமாகத்தான் பிரித்திருந்தார்கள். ஆனால் நோயற்றவர் வரிசையிலிருந்த இருவர் பின்னால் நோயில் விழுந்தார்கள். அவர்களையும், புதிதாகச் சேர்த்த உறவினர்களையும் கணக்கில் எடுத்தபோது முடிவு நிற்கவில்லை. 1989-ல் அதே பத்திரிகையில் அதை ஒப்புக்கொண்டு எழுதியவர்களில் முதல் ஆராய்ச்சியை நடத்தியவர்களும் உண்டு. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால், 'அது ரத்தத்திலேயே இருக்கிறது' என்று சம்பந்தத்தை முறிக்கிறவர்கள் காதில் மறுப்பு என்றைக்கு விழுந்தது?

அத்தனை கவனத்துக்கே இந்தக் கதி. எச்சிலை வாங்கிக்கொண்டு வம்சாவளி சொல்லும் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் வாடிக்கைக்காரர்களில் 75,000 பேருக்கு மேல், தங்களுக்கு மனச்சோர்வு உண்டு என்று கேள்வித்தாளில் குறித்தார்கள். அந்தக் குறிப்பை நம்பியே 2016-ல் மரபணு முடிவுகள் வெளியாயின. 2020-ல் வேறு சிலர் பிரிட்டனில் திரட்டிய பெருந்தொகுப்பை ஆராய்ந்தார்கள். இரண்டொரு கேள்வியில் அகப்படும் மரபணுக் குறிகள் மனச்சோர்வுக்கே உரியவையாக இல்லை. மற்ற மனத்தொல்லைகளுக்கும் பொதுவாக இருந்தன.

கேட்டால், ஆள் கூடினால் பிழை கரைந்துவிடும் என்கிறார்கள். கரையாது, ஐயா! படி குறைபடியானால் ஆயிரம் மூட்டை அளந்தாலும் கணக்கு நேராகாது. ஒவ்வொருவரோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசவும், வருஷம் கழித்து மறுபடி பார்க்கவும் கட்டுப்படியாகாது என்பது அடுத்த பதில். யந்திரம் வாங்க மட்டும் கட்டுப்படியாகிறதே, எப்படி?