பெரியவர் சொன்னால் போதுமா?

டிசம்பர் 22 வந்தால் கும்பகோணத்தில் ராமானுஜன் பேச்சுத்தான். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். நாமகிரித் தாயார் கனவில் வந்த கதையும் 1729 கதையும் சொல்கிறோம். அவர் தவறிய கதையை மட்டும் சொல்வதில்லை. அதையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

அந்தத் தவறு பகா எண்களைப் பற்றியது. 7, 31, 127 போல, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அது 'நோம்ப்ர் ப்ரெமியே', அதாவது முதல் எண். தமிழ்ப் பெயரில் அதன் குணமே இருக்கிறது என்பது பின்னால்தான் உறைத்தது.

சின்ன எண்ணை வகுத்துப் பார்த்துவிடலாம். பெரிய எண்ணை என்ன செய்வது? பாரிஸில் இருந்த மெர்சென் என்ற துறவி, 67 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வரும் 21 இலக்க எண் பகா எண் என்று 1644-இல் எழுதினார். பெரியவர் வாக்கு, இருநூறு வருஷத்துக்கு மேல் நின்றது. 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் அது பகும் என்று நிரூபித்தார். வேடிக்கை என்னவென்றால், எதனால் பகும் என்று அவருக்கே தெரியாது! 1903-இல்தான் அமெரிக்கரான கோல், 193707721, 761838257287 என்ற இரண்டு காரணிகளைக் காட்டினார்.

லூக்காவின் வழியைப் பின்னால் லேமர் செப்பனிட்டார். 31-க்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் 31. முதலில் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதாலேயே பெருக்கி, 2 கழித்து, 31-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள்: 14. அதையே 14-க்குச் செய்தால் 8. எட்டுக்குச் செய்தால் 62, மீதி பூஜ்யம். ஐந்தில் இரண்டு போக மூன்று முறை. முடிவில் பூஜ்யம் வந்தால் பகா எண். 2024-இல் கண்ட 4 கோடியே 10 லட்சம் இலக்க எண்ணையும் இதே வழியில்தான் கணினியில் உறுதி செய்தார்கள்.

இனி நம் ஊர்க்காரர். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் என்று சொல்லத் தன்னிடம் ஒரு சூத்திரம் இருப்பதாகவும், அதில் பிழை மிகச் சிறியது என்றும் அதில் சொன்னார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் சரிபார்த்தார்கள். சூத்திரம் அவர் நினைத்த அளவுக்கு நிற்கவில்லை. அதனால் அவர் மேதைமை குறைந்ததா? இல்லை. சரிபார்க்கத் தக்கவர் என்று மதித்ததுதான் அவருக்குச் செய்த மரியாதை.

நானும் குமாஸ்தாதான். ஒரு முறை, மேலதிகாரி போட்ட ஓய்வூதியக் கணக்கில் கூட்டல் தவறைப் பார்த்தேன். பெரியவர் போட்டதாயிற்றே என்று வாய் திறக்கவில்லை. கணவனை இழந்த அந்த அம்மாளுக்கு இரண்டு வருஷம் குறைந்த பணமே போயிற்று. இன்றும் உறுத்துகிறது.

ராமானுஜனைச் சாமியாக்கிவிட்டால் பிள்ளைகள் கும்பிடுவார்கள். கணக்குப் போட மாட்டார்கள். வரும் டிசம்பரில் மாலை போட்ட கையோடு, ஏழு இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்த 127-ஐ இதே வழியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாம் முறை பூஜ்யம் வரும். நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம்.