பீர் வானுக்குக் காவல் தேவை

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் இருக்கும் சிற்றூர் பீர். அதன் மேலே, சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள பில்லிங்கில் பாராகிளைடர் விரித்துக் கிளம்புபவர்கள், தௌலாதார் மலையை ஒட்டிப் பறந்து பீரில் இறங்குகிறார்கள். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கும் திபெத்தியர் குடியிருப்புக்கும் பெயர்பெற்ற ஊரில் இன்று விடுதி, உணவகம், டாக்சி, பயிற்சிப் பள்ளி என்று பிழைப்பு பெருகியிருக்கிறது. உள்ளூர் இளைஞர்கள் பலர் பயணிகளைச் சுமந்து பறக்கும் பைலட்டுகள். சொந்த மண்ணிலேயே கௌரவமான வேலை. மலை மாவட்டங்களில் இது அரிது, மனமார வரவேற்கிறோம்.

ஆனால் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. தனியே பறந்து, காற்றில் திசைமாறி, ஆளரவமற்ற சரிவுகளில் விழுந்தவர்களில் வெளிநாட்டினரும் உண்டு. அந்த மலையில் தேடுதல் பல நாள் இழுக்கும். மழைக்காலத்தில் பறக்கத் தடை இருக்கிறது, நல்லது. பறக்கும் பருவத்தில்தானே ஆபத்து? பருவம் முழுக்க ஊரிலேயே தங்கும் மீட்புக் குழு, அழைத்தவுடன் வரும் ஹெலிகாப்டர், தனியே பறப்பவர் ஒவ்வொருவருக்கும் இருப்பிடம் காட்டும் கருவி ஆகியவற்றை மாநில அரசு கட்டாயமாக்க வேண்டும். பறப்பவர்களிடம் வசூலிக்கும் கட்டணம் முதலில் இவற்றுக்கே போகட்டும். இறங்குதளத்தை நெருக்கிக் கட்டடங்கள் எழவும் அனுமதிக்கக் கூடாது.