வீரம் எது?

கார்ப் பந்தயம் நமக்குப் புதிதல்ல. திருவள்ளூர் மாவட்டம் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுபாதையில், 1950-களிலிருந்தே பந்தயம் நடந்தது. ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை திறந்தார்கள்.

ஃபார்முலா 1 ரசிகர்கள் கூடினால் 2005-ம் வருஷத்துப் பேச்சு வராமல் இருக்காது. அந்த உலகப் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர், நம் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன். அமெரிக்கப் பந்தயத்தில் நாலாவதாக வந்து 5 புள்ளி பெற்றார்.

"ஓடியதே 6 கார்தானே! அது என்ன பெருமை?" என்பார் ஒருவர். "ஓடி முடித்தாரே, போதாதா?" என்பார் மற்றவர்.

இருவரும் ஒன்றை மறக்கிறார்கள். மீதி 14 கார்கள் ஏன் விலகின? அவற்றில் இருந்த ஒரு கம்பெனி டயர், அங்குள்ள வேகமான வளைவைத் தாங்காது என்று தெரிந்தது. கூட்டம் கூச்சல் போட்டது. ஆனாலும் அவர்கள் ஓட்டவில்லை. புள்ளி போனால் போகட்டும், உயிர் முக்கியம் என்றார்கள்.

உலகத்திலேயே வேகமாக ஓட்டுகிறவர்களுக்கே இந்தப் பயம் உண்டு. கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, தலைக்கவசம்கூட இல்லாமல் மோட்டார் சைக்கிளில் பறக்கிற தம்பிகளுக்கு ஏன் இல்லை?

தம்பிகளே! பந்தயத்தை ரசியுங்கள், விடிய விடியப் பேசுங்கள். ஓட்ட ஆசையா? பந்தயப் பாதைக்குப் போய் முறையாகப் பழகுங்கள். சாலையில் மட்டும் வேண்டாம். நிறுத்தத் தெரிந்தவனே வீரன். வீட்டில் அம்மா காத்திருக்கிறாள்.