விற்பவனே நடுவனாவதா?

உணவைப் பற்றி எழுதுவதை அறிவுத்துறை என ஒப்புவோர் பலர், உடையைப் பற்றி எழுதுவதை மட்டும் வீண்பேச்சென்று ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. ஒரு குமுகாயம் எதை உடுத்தது, ஏன் உடுத்தது, அதனை விற்று யார் பொருளீட்டினர் என்று ஆராய்ந்து எழுதுவது வரலாற்றெழுத்தே ஆகும். மேலை நாடுகளில் ஒன்றரை நூற்றாண்டாக அவ்வேலையைச் செய்துவந்த உடைநாகரிக அச்சிதழ்கள் இன்று ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துவருகின்றன.

நியூயார்க்கு நகரில் 1867-இல் 'ஆர்ப்பர்சு பசார்' தோன்றியது. 1892-இல் 'வோக்கு' தோன்றியது. உடைத்தொழிலுக்கென்றே 1910-இல் எழுந்த 'விமன்சு வியர் தெய்லி' என்னும் நாளிதழ், 2015-இல் தன் நாளச்சினை நிறுத்திக்கொண்டது. 'தீன் வோக்கு' 2017-இலும், 1939-இல் பிறந்த 'கிளாமர்' 2019 சனவரி இதழோடும், 'இன்சுடைல்' 2022-இலும் அமெரிக்காவில் அச்சுத்தாளைக் கைவிட்டன.

தாள் போனால் என்ன, செய்திதான் கைப்பேசியில் வருகின்றதே என்பார் உளர். போனது தாள் மட்டுமாயின் வருந்த வேண்டுவதில்லை. தாளோடு போனவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, கண்டதற்குப் பெயரிடும் ஆற்றல். 1947 பிப்பிரவரி 12-ஆம் நாள் பாரிசு நகரில் கிறித்தியன் தியோர் தம் முதல் உடைத்தொகுதியைக் காட்டினார். இடை சிறுத்து, பாவாடை அகன்று, துணியை அள்ளி விழுங்கிய அவ்வுடையைக் கண்ட 'பசார்' ஆசிரியர் கார்மெல் சுனோ அம்மையார் வாய்ப்பட்டதே 'நியூ லுக்கு', அஃதாவது 'புதுத்தோற்றம்' என்னும் பெயர். பிரித்தானியத்தில் அப்பொழுது உடைப் பங்கீடு நடப்பிலிருந்தது. 1941-இல் தொடங்கிய அது 1949-இல்தான் நீங்கிற்று. அளந்து துணி வாங்கிய மக்களிடையே அவ்வுடை பூசலை எழுப்பியது. கூர்ந்து நோக்கிய ஒருவர் இட்ட பெயர், ஒரு காலத்தின் ஏக்கத்தையும் சினத்தையும் சேர்த்துச் சுமந்தது. இன்றோ ஆயிரம் படங்கள் நொடியில் ஓடி மறைகின்றன, பெயரிடுவார் அரியர்.

இரண்டாவது, உடையைக் கடந்தும் பார்க்கும் துணிவு. இரண்டாம் உலகப்போரில் 'வோக்கு' இதழின் செய்தியாளராகக் களம் புகுந்தவர் இலீ மில்லர் அம்மையார். புக்கன்வால்டு கொடுஞ்சிறையில் அவர் எடுத்த நிழற்படங்களை அமெரிக்க 'வோக்கு' 1945 சூன் இதழில் வெளியிட்டது. ஒப்பனைக்காக இதழைப் புரட்டிய மகளிர், நாசியர் இழைத்த கொடுமையை அதே இதழில் கண்டனர். விரும்புவதை மட்டுமே எடுத்துக்காட்டும் பொறியிடம் இத்தகைய துணிவை எதிர்பார்க்க இயலாது.

மூன்றாவது, நடுநிலைத் திறனாய்வு. 'வாசிங்டன் போசுட்டு' நாளிதழில் எழுதிவந்த இராபின் கிவான் அம்மையார்க்கு 2006-இல் திறனாய்வுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. உடை பற்றிய எழுத்துக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. அவருக்கு ஊதியம் தந்தது நாளிதழ். துணி விற்பவன் தரவில்லை. இன்று உடையை இலவயமாகப் பெற்று, நிறுவனத்தின் செலவிலேயே காட்சிக்குச் சென்று, அதனை உடுத்துப் படமெடுத்துப் போடுவோர் பெருகிவிட்டனர். அவர் வாயில் குறை பிறக்குமா?

இதற்கோர் எடுத்துக்காட்டு வேண்டுமெனின், 'சுடைல்.காம்' என்னும் இணையத்தளத்தைக் காண்க. 2000-இல் தோன்றி உடைத்தொகுதிகளைத் திறனாய்ந்து நற்பெயர் பெற்ற தளம் அது. அதன் திறனாய்வுகளை 'வோக்கு' தளத்திற்கு மாற்றிவிட்டு, 2016-இல் அதே பெயரில் கடை திறந்தனர் உரிமையாளர். அக்கடையும் 2017-இல் மூடப்பட்டது. நடுவன் இருக்கையில் வணிகனை அமர்த்தினர். முடிவில் இருக்கையே இல்லாதொழிந்தது.

இவ்வாறு கூறுவதால் பழைய இதழ்கள் மாசற்றவை என்பது பொருளன்று. அவையும் விளம்பரப் பணத்தில் வளர்ந்தவையே. 2012 செப்டம்பர் 'வோக்கு' 916 பக்கங்கள் கொண்டது; அவற்றுட் பெரும்பகுதி விளம்பரம். 1892-இல் தோன்றிய அமெரிக்க 'வோக்கு', ஒரு கருப்பினப் பெண்ணின் முகத்தை அட்டையில் இட 1974 வரை, 82 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இக்குறைகளை மறைத்துவிட்டுப் பழமைக்குக் கண்ணீர் விடுவது அறிவுடைமையாகாது. ஆயினும் அவ்விதழ்களில் விளம்பரப் பக்கம் வேறு, ஆசிரியர் பக்கம் வேறு என்னும் கோடு ஒன்று இருந்தது. அக்கோட்டினைச் சிலர் மீறினர். மீறினர் என்று சுட்டவும் அக்கோடே உதவிற்று. இன்று அழிந்துவருவது அக்கோடுதான்.

ஆதலின், காக்கத் தக்கது பளபளக்கும் தாளின் மணமன்று. கூர்ந்து கண்டு, பெயரிட்டு, நிறுத்துச் சொல்லும் தொழிலே காக்கத் தக்கது. அது தாளில் வாழினும் திரையில் வாழினும் ஒக்கும். ஆனால், அதற்குரிய ஊதியத்தைப் படிப்பவர் தருதல் வேண்டும்; அவர் தாராவிடின் விற்பவன் தருவான். எவன் ஊதியம் தருகின்றானோ அவன் துலாக்கோலே அங்கு நிறுக்கும்.