அத்தோ மேல கெச்சப் ஊத்துற புண்ணியவான்களே!

மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடக்குற எரிச்சல், இன்னிக்குக் கொட்டிடறேன்.

வியாசர்பாடிக்காரங்களுக்கு அத்தோ என்னன்னு சொல்லத் தேவையில்ல. மத்தவங்களுக்காக: வேகவச்ச நூடுல்ஸ், மெல்லிசா சீவின முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, வறுத்த கடலைமாவு, மிளகாய்த்தூள், உப்பு. மேல பேஜோவை நொறுக்கிப் போட்டு, கையால பிசைஞ்சு குடுப்பாங்க. கூடவே வாழைத்தண்டு சூப்பு.

இதுமேல போய் சோயா சாஸ், கெச்சப், போதாக்குறைக்கு மயோனைஸ்! கேட்டா "நூடுல்ஸ்தானே பாஸ்"ங்கறாங்க. சேவையும்தான் நூல் நூலா இருக்கு. எலுமிச்சை சேவைல சோயா சாஸ் ஊத்துவீங்களா?

பர்மிய மொழில 'அத்தோ'ன்னா கலந்து பிசைஞ்சதுன்னு அர்த்தம். பிசையறதுதான் இங்க சமையலே. கடலைமாவு புளித்தண்ணியையும் எண்ணெயையும் இழுத்துக்கிட்டு நூடுல்ஸ்ல ஒட்டிக்கும். அதுதான் சாஸ், கண்ணு முன்னாடி ஏனத்துலயே உருவாகுது. அதுமேல சக்கரை போட்ட தக்காளிக் குழம்பை ஊத்தினா புளிப்பு செத்துப் போயிடும். "கையால பிசையறாங்களே, உவ்வே"ன்னு மூஞ்சி சுளிக்கறவங்க வீட்டுல தயிர்சாதத்தை எதால பிசையறாங்கன்னு தெரியல.

அடுத்த கோஷ்டி: "இது ஒரிஜினல் பர்மா சாப்பாடே இல்ல." ஆமா, இல்லதான். அங்க மீன் சாஸ் சேர்ப்பாங்க. அங்கத்து மொகிங்கா மீன் குழம்புல அரிசி நூடுல்ஸ். நம்ம தெருவுல அது மீனில்லாத வாழைத்தண்டு சூப்பாயிடுச்சு. அதனால என்ன? கெச்சப்புங்கற பேரே தென்சீனாவோட மீன் சாற்றுலேர்ந்து வந்ததுதான், தக்காளி பின்னாடி சேர்ந்தது. அதுகிட்ட யாராச்சும் ரேஷன் கார்டு கேட்டீங்களா?

"அப்போ மாறலாம்னா, கெச்சப்பும் ஒரு மாற்றம்தானே?"ன்னு மடக்குவீங்க. தெரியும். யாரு மாத்தினாங்கங்கறதுதான் சார் மேட்டரு. 1962ல நே வின் ஆட்சியைப் பிடிச்சாரு. அடுத்தடுத்து கடை கண்ணியெல்லாம் அரசுடைமை. 1964ல 50, 100 கியாட் நோட்டுங்க செல்லாமப் போச்சு. சம்பாதிச்சதை விட்டுட்டுக் கப்பலேறி வந்த ஜனங்கள்ல பலபேர் வியாசர்பாடில குடியேறினாங்க. கிடைச்சதை வச்சு அந்த ருசியைத் திரும்ப உண்டாக்கினாங்க. மீன் சாஸ் போனாலும் புளிப்பு, எண்ணெய், மாவு மூணோட கணக்கு தப்பல. அது பொழைக்கறதுக்காகச் செஞ்ச மாற்றம். நீங்க பண்றது, அந்தக் கணக்கு என்னன்னே தெரியாம அழிக்கறது. கொஞ்ச நாள் போனா அதையும் 'ஃபாஸ்ட் ஃபுட்'னு ஒரே போர்டுல எழுதிடுவாங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்க ஆளிருக்காது.

ஒரே வேண்டுகோள். புளிப்பு பத்தலையா, புளித்தண்ணி கேளுங்க. காரம் பத்தலையா, மிளகாய்த்தூள் கேளுங்க. கடைக்காரர் சந்தோஷமா போடுவாரு. அந்தச் சிவப்பு பாட்டிலை மட்டும் தொடாதீங்க.

டிஸ்கி: சாஸ் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். முட்டை மசாலாவுக்கும் கெச்சப் கேக்கறவங்களுக்கு மட்டும் பதில் கிடையாது.